இடது கை ஆள்காட்டி விரல்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் இடுப்பு வலி தேவலையா? நாள் முழுக்க கார் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து, பிரேக்கில் கால் வைத்தபடியே இருந்தால் இடுப்பு என்ன செய்யும், பாவம். முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள் என்று போன கடிதத்திலேயே சொன்னேன். வைத்திருக்க மாட்டாய்.

ஒரு செய்தி. சிரிக்கக் கூடாது. நான் கிடார் கற்றுக்கொள்கிறேன்.

சிரித்துவிட்டாய், தெரியும். போனில் சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் பட்டென்று வைத்திருப்பேன். இனி கடிதம் மட்டும்தான் என்று நாம் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் எவ்வளவு நல்லது பார். அப்பா போன பிறகு போனில் நாம் பேசியதெல்லாம் சண்டைதான். எழுதும்போது ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவர் வாயை மூடிக்கொண்டுதானே ஆக வேண்டும்.

வாத்தியாருக்கு இருபத்தேழு வயது. சலவைக் கடைக்கு மேல் ஓர் அறை. படி ஏறும்போதே இஸ்திரி ஆவி முகத்தில் அடிக்கும். இரண்டு நாற்காலி, ஒரு நிலைக்கண்ணாடி, சுவரில் நாலு கிடார். சனிக்கிழமை டியூட்டி முடிந்து நேரே அங்கே போகிறேன். முதல் நாள் என்னை "ஆன்ட்டி" என்றார். "சிஸ்டர்னு கூப்பிடுங்க, ஆஸ்பத்திரியில அப்படிக் கூப்பிட்டே பழகிடுச்சு" என்றேன். ஆரம்பிக்கிறவர்களுக்கு நைலான் கம்பி போட்ட கிடார்தான் நல்லது, விரல் வலிக்காது என்றார். நான் இரும்புக் கம்பி போட்டதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். எதையும் அரைகுறையாகச் செய்யக் கூடாது, இல்லையா?

ஏன் இந்த வயதில் என்று கேட்பாய். ஓய்வு நேரத்தில் கை சும்மா இருக்க வேண்டாமே என்றுதான்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

அக்கா

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இடுப்பு இருக்கிறது, வலியும் இருக்கிறது, தலையணை மட்டும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்?

சிரித்தேன். மறைக்கவில்லை. உன் தம்பி பெண்டாட்டி சிரிக்கவில்லை, "உங்க அக்காவாவது தனக்குன்னு ஒண்ணு செய்யறாங்களே" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதனால் சிரிப்பை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. என்னிடம் கற்றுக்கொள்கிறவர்களில் ஒருவர் கிடார் வாசிக்கிறவர். நேற்று அவருடைய இடது கை விரல்களைத் தொட்டுப் பார்த்தேன். நுனியெல்லாம் செருப்புத் தோல் மாதிரி காய்த்திருக்கிறது. சூடு கூடச் சரியாகத் தெரியாது என்கிறார்.

உன் இடது கை ஆள்காட்டி விரல் உனக்கு மட்டும் சொந்தமா, அக்கா? ஒரு கிலோ கூட இல்லாத குழந்தைக்கு, தலைமுடி பருமனில் இருக்கிற ரத்தக்குழாயை அந்த விரலால் தடவித்தானே கண்டுபிடிக்கிறாய்? டாக்டரே மூன்று தடவை குத்திப் பார்த்துவிட்டு "கைராசி சிஸ்டரைக் கூப்பிடுங்க" என்பாராம். நீயேதான் பெருமையாக எழுதியிருக்கிறாய். அந்த விரல் காய்த்துப்போனால் வேலை என்ன ஆகும்? வாத்தியாரிடம் கேட்டாயா?

நைலான் கம்பிக்கு மாறிக்கொள். வீம்பு வேண்டாம்.

உன் அன்புத் தம்பி

பிப்ரவரி 23

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் எல்லோரும் சுகம்தானே? போன வாரம் எனக்கு லேசாகச் சளி. இப்போது இல்லை.

பாடம் நன்றாகப் போகிறது. இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்துப் பிடிப்பதற்குப் பிடி என்று பெயர் வைத்திருக்கிறேன். வாத்தியார் சொல்கிற ஆங்கிலப் பெயர்கள் என் மண்டையில் ஏறவில்லை. இதுவரை மூன்று பிடி தெரியும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்குள் பஸ் வந்து போய்விடும். வாத்தியார் பொறுமையாகக் காலைத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

நிலைக்கண்ணாடி எதற்கென்று இப்போதுதான் புரிந்தது. கற்றுக்கொள்கிறவர் தன் தோளைத் தானே பார்க்க வேண்டுமாம். என் தோள் காதுவரை ஏறியிருக்கிறது. "சிஸ்டர், கிடார் கேக்கறத விட மூணு மடங்கு அழுத்தறீங்க. கம்பி உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?" என்று கேட்டார். மெதுவாக அழுத்தச் சொன்னார். இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்துவேன். அப்புறம் கை தானாக இறுகிவிடும். வாசிக்காமல் பேசிக்கொண்டிருக்கும்போதும் விரல் கம்பியை அழுத்தியபடியே இருக்கிறதாம். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

முதல் மூன்று வாரம் விரல் நுனி எரிந்தது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. இப்போது அவ்வளவு வலியில்லை.

சலவைக் கடைக்காரர் நான் வாசிப்பது கீழே கேட்கிறது என்கிறார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, கேட்கிறது என்று மட்டும் சொன்னார்.

வேலை வழக்கம்போல.

அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

சளி முழுதாக விட்டதா? மாத்திரையை உன் நோயாளிகளுக்குக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளாதே.

கடிதம் சிரிக்க வைத்தது. சலவைக் கடைக்காரரை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நான் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் இல்லை. தோள், கண்ணாடி, பொத்தான் எல்லாம் இருக்கிறது. வேலைக்கு மட்டும் இரண்டு வார்த்தை. என்னிடமே பூசி மெழுகுகிறாயா?

சரி, வேறு விதமாகக் கேட்கிறேன். இந்த மாதம் எந்தக் குழந்தை வீட்டுக்குப் போனது? கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்து எழுதுவாயே. கலெக்டர், கொட்டாவி, குட்டி ரவுடி என்று. இப்போது யார் யார் இருக்கிறார்கள்?

என் பெரியவள் கேட்கச் சொன்னாள்.

தம்பி

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். சுகம். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு குழந்தைக்கு ரத்தக்குழாய் கிடைக்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். விரலை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை போட்டுக்கொண்டது போல இருந்தது. மணிக்கட்டு, முழங்கை, பாதம், எங்கே வைத்தாலும் அதேதான். எல்லோரும் சுற்றி நின்றார்கள். "எனக்குக் கிடைக்கல. வேற யாராவது பாருங்க" என்றேன்.

இருபத்துநாலு வருடத்தில் இந்த வார்த்தையை நான் சொன்னதே இல்லை. அப்புறம் புதிதாக வந்திருக்கிற சின்ன நர்ஸ் பாதத்தில் கண்டுபிடித்துப் போட்டாள். குழந்தை நன்றாக இருக்கிறது.

அன்று எனக்கு நல்ல தூக்கம். வெகு நாளைக்கு அப்புறம் அப்படி ஒரு தூக்கம்.

நாலாவது பிடி வந்துவிட்டது. அதில் ஒரே விரலால் ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும். வாத்தியாரே அசந்துபோனார்.

அக்கா

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பற்றி நீ எழுதுவதை இனி நம்பப்போவதில்லை. உண்மையில் எப்படி இருக்கிறாய்?

என்னிடம் ஒரு டீச்சர் கற்றுக்கொண்டார். நாற்பத்தைந்து வயது. என்னோடு ஓட்டும்போது ஒரு பிசகு இருக்காது. பரீட்சை அன்று மட்டும் தவறாமல் நிறுத்தக் கோட்டைத் தாண்டுவார். ஐந்து முறை பெயில். ஐந்தாவது முறை, காரை ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். "டீச்சர், உங்களுக்கு லைசென்ஸ் வேணுமா, வேண்டாமா?" ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அழுதார். "வேண்டாம்னு வீட்டுல சொல்ல முடியல சார். பெயிலானா யாரும் காரணம் கேக்க மாட்டாங்க" என்றார்.

நேற்று உன் கடிதங்களை மூன்று வருடத்துக்கும் சேர்த்து எடுத்து வரிசையாகப் படித்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையாவது இருக்கிறது. போன நவம்பர் வரைக்கும். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. ஜனவரியில் கிடார் வருகிறது. அதுவும் இரும்புக் கம்பி. அதுவும் மூன்று மடங்கு அழுத்தம். இப்போது விரல் வேலை செய்யவில்லை என்று எழுதுகிறாய், அதை ஏதோ பரிசு வாங்கினது போல எழுதுகிறாய்.

நான் டாக்டரும் இல்லை, வாத்தியாரும் இல்லை. உன் தம்பி. நவம்பரில் என்ன நடந்தது?

தம்பி

ஜூன் 8

அக்கா,

ஐந்து வாரம் ஆகிறது. ஒப்பந்தத்தை மீறி மூன்று தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. நான்காவது தடவை அடிப்பதற்குள் எழுதிவிடு. இல்லையென்றால் பஸ் ஏறிவிடுவேன். இந்த இடுப்போடு பத்து மணி நேரம் உட்கார வைத்த பாவம் உனக்கு வேண்டாம்.

தம்பி

ஜூன் 15

அன்புள்ள தம்பிக்கு,

பஸ் ஏறாதே. எழுதுகிறேன்.

நவம்பர் பத்தாம் தேதி. தொள்ளாயிரத்து இருபது கிராம் பெண் குழந்தை. பிறந்து ஆறு நாள். டாக்டர் மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டார். கதவருகே நின்ற குழந்தையின் அம்மா, "அந்தக் கைராசி சிஸ்டரே போடட்டும்" என்றாள். அன்றைக்கு எனக்குத் தொடர்ந்து இரண்டாவது டியூட்டி, ஆள் இல்லை என்று இருக்கச் சொல்லியிருந்தார்கள். மத்தியானம் மூன்று மணி. காலையிலிருந்து இரண்டு டீ குடித்திருந்தேன், அவ்வளவுதான்.

மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் ஒன்று கிடைத்தது. விரலை வைத்தேன். துடித்தது.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். துடித்தால் அது தமனி. கைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய். அதில் மருந்து ஏற்றக் கூடாது. இது முதல் வருடப் பாடம். ஆனால் களைத்துப்போயிருக்கும்போது நம் விரல் நுனியில் நம் நாடியே துடிக்கும். எங்கள் வேலையில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். அன்றைக்கு அந்தத் துடிப்பு என்னுடையது என்று நினைத்தேன். இல்லை, அப்படி நினைக்க ஆசைப்பட்டேன். விரலை எடுத்து, ஒரு நிமிடம் மூச்சு விட்டு, மறுபடி வைத்துப் பார்த்திருந்தால் யாருடைய துடிப்பு என்று தெரிந்திருக்கும். அந்த ஒரு நிமிடத்தை நான் குழந்தைக்குக் கொடுக்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைராசிக்காரி தடுமாறினால் என்ன ஆவது?

போட்டேன். ஒரே குத்து. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். சாயங்காலம் கட்டைப் பிரித்தபோது அந்தக் கையில் இரண்டு விரல் நீலமாக இருந்தன. அப்புறம் கறுத்தன. மூன்றாவது வாரம், சுண்டுவிரலும் மோதிர விரலும் முதல் கணு வரை போய்விட்டன.

விசாரணை வைத்தார்கள். எழுதித் தரச் சொன்ன தாளில் "துடிப்பு தெரிந்ததா?" என்று கேட்டிருந்தது. "தெரியவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். குழந்தைக்கு ஏற்கெனவே ரத்த ஓட்டம் மோசம், யார் மேலும் தப்பில்லை என்று முடித்துவிட்டார்கள். மேட்ரன் என் தோளைத் தட்டினார். வீட்டுக்குப் போகிற அன்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா என் பொண்ணு உசுரோட இருக்க மாட்டா" என்றாள். நான் பரவாயில்லை என்றேன். பரவாயில்லை என்று சொன்னேன், தம்பி.

அதற்குப் பிறகும் தினம் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு கையிலும் விரலை வைக்கும்போது உள்ளே குளிர்ந்துபோகும். இனி ஊசி போட மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தேன். ஜனவரியில் யூனிபார்மைச் சலவைக்குப் போடப் போனபோது, மேலேயிருந்து வாத்தியார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "கொஞ்ச நாள்தான், அப்புறம் நுனி மரத்துப்போயிடும், ஒண்ணுமே தெரியாது." அந்த வார்த்தைக்காகப் படி ஏறினேன். வாயால் சொல்ல முடியாததை விரல் சொல்லிவிடும் என்று நினைத்தேன். சொல்லியும் விட்டது. யாரும் என்னைக் காரணம் கேட்கவில்லை. வயதாகிறது என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் எனக்குக் கிடார் பிடித்துப்போய்விட்டது. சனிக்கிழமை எப்போது வரும் என்று இருக்கிறது. அதுதான் ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

அக்கா

ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இல்லை. இந்தத் தடவை அதைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்து வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நீ தனியாக இதைச் சுமந்துகொண்டு எனக்குத் தலையணை வைக்கப் புத்தி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய்.

ஆனாலும் உன்னைத் தேற்ற மாட்டேன், அக்கா. களைப்பு, ஆள் இல்லை, பசி என்று நான் சப்பைக்கட்டு கட்டினால் நீயே என்னை மதிக்க மாட்டாய். தவறு யாருக்கும் நடக்கும். "தெரியவில்லை" என்று எழுதியது தானாக நடந்தது அல்ல. அதை நீ செய்தாய். விரலைக் கெடுத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தாயா? உன் விரல் மரத்துப்போனதால் அந்தக் குழந்தைக்கு என்ன கிடைத்தது? அடுத்த குழந்தைக்குக் கிடைத்திருக்க வேண்டிய நல்ல விரல் ஒன்று போனது. அவ்வளவுதான்.

கேட்க வேண்டியவர்களிடம் போய்ச் சொல். அந்தக் குழந்தைக்கு ஓர் அம்மா இருக்கிறாள். தன் பெண்ணின் கை ஏன் இப்படி ஆனது என்று நாளைக்குப் பெண்ணே கேட்கும்போது, அவள் பொய்யைத்தான் சொல்ல வேண்டுமா?

வேலை போனால் போகட்டும். இங்கே ஓர் அறை இருக்கிறது. உன் தம்பி பெண்டாட்டி அதை இன்றைக்கே ஒழித்து வைத்துவிட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே செய்தாள்.

கிடார் பிடித்திருப்பதில் என்ன வெட்கம்? அதைத் தண்டனையாகப் பிடித்துக்கொண்டிருந்தாயே, அதற்கு வேண்டுமானால் வெட்கப்படு.

தம்பி

ஆகஸ்ட் 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் இடுப்பு எப்படி இருக்கிறது? நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இதை நீ நம்பலாம்.

சொல்லிவிட்டேன்.

முதலில் மேட்ரனிடம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "இதை எதுக்கு இப்ப கிளர்றீங்க? எல்லாம் முடிஞ்சு போச்சே" என்றார். "எனக்கு முடியல மேடம்" என்றேன். நாலு வாரம் வேலைக்கு வரக் கூடாது என்றார்கள். பழைய கோப்பை மறுபடி திறந்திருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. அதுவரை ஊசி தொடக் கூடாது. இப்போது குழந்தைகளை எடை பார்த்து எழுதுகிறேன். வேலையே போகலாம். அறையை ஒழித்தபடியே வைத்திருக்கச் சொல்.

அப்புறம் அந்த அம்மா. பரிசோதனைக்கு வந்திருந்தாள். டாக்டரும் இருந்தார். நடந்ததை அப்படியே சொன்னேன். அவள் பெண்ணின் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அன்னிக்கே தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் எங்கிட்ட நன்றி வாங்கினீங்களா?"

குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் கத்தியிருக்கலாம் என்று இருந்தது.

அந்த நாலு வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். கிடாரைத் தொடவில்லை. மூன்றாவது சனிக்கிழமை படி ஏறி வாத்தியாரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் ஒரு கம்பியையே முறுக்கிக்கொண்டிருந்தார். "அப்ப ஆறு மாசமா நீங்க வாசிக்க வரல" என்றார். வரவில்லை என்றேன். "இப்ப?" என்றார். "இப்ப வர்றேன்" என்றேன். என் கிடாரை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு நைலான் கிடாரை எடுத்துக் கொடுத்தார். இப்போது ஒரு சின்னப் பாட்டு முழுதாக வருகிறது. நடுவில் ஓர் இடத்தில் தடுமாறுகிறேன். தடுமாறினால் நின்று மறுபடி ஆரம்பிக்கிறேன்.

நேற்று அந்தக் குழந்தைக்கு ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. நான் எடை மேடை பக்கம் ஒதுங்கி நின்றேன். அந்த அம்மா உள்ளே வந்து எல்லோரையும் பார்த்தாள். என்னைக் கண்டதும் நின்றாள். வெளியே போகச் சொல்லப்போகிறாள் என்று கதவை நோக்கி நடந்தேன்.

"இவங்க என் பொண்ணைத் தொடக் கூடாது" என்றாள். "ஆனா இங்கேயே நிக்கட்டும். எங்க தப்பு நடக்கும்னு இவங்களுக்குத்தான் தெரியும்."

வந்து நின்றேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். சின்ன நர்ஸ் குழந்தையின் கையில் விரலை வைத்தாள். "துடிக்குதா?" என்று கேட்டேன். இல்லை என்றாள். "விரலை எடு. ஒரு நிமிஷம் இரு. மறுபடி வை." எடுத்தாள், இருந்தாள், வைத்தாள். "இல்ல சிஸ்டர்" என்றாள். அப்புறம்தான் போட்டாள். குழந்தை வீரிட்டது. குழாயில் ரத்தம் மெதுவாக, சரியாக வந்தது.

அந்த அம்மா குழந்தையைப் பார்க்கவில்லை, நர்ஸைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். சரியாக இருக்கிறது என்று தலையசைத்தேன். அதற்குப் பிறகுதான் அவள் மூச்சு விட்டாள்.

உன் அக்கா